பழைய மணிக்கூட்டைக் கொழும்பில் தினமும் கட்டலாமா: நீண்டகாலப் பாவனை அனுபவம்

விலைமதிப்புள்ள பழைய மணிக்கூடு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, "தினமும் கட்டினால் மெஷின் தேய்ந்துபோகாதா?" என்று. தேயும்தான். ஆனாலும் கொழும்பில் பல வருடம் கையில் கிடந்த மணிக்கூடுகளைத் திறந்து பார்த்தால், தேய்மானத்தால் கைவிடப்பட்டவை குறைவு. துருவாலும் வியர்வையாலும் போனவைதான் கூட. தேய்ந்த சில்லுக்கு வேறு சில்லுத் தேடிப் போடலாம். ஈரம் ஏறிப் பொருக்குவிட்ட டயலை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. அதனால் கட்டுவதா பெட்டியில் வைப்பதா என்பதை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்மூடி எப்படி மூடுகிறது, சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் எப்படி அடைபடுகிறது, டயல் எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள்.

முறுக்கி மூடும் பின்மூடி, ஸ்டீல் கேஸ், நல்ல ரப்பர் வோஷர் உள்ளவற்றைத் தாராளமாகத் தினமும் கட்டலாம். 1960களின் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 1601, திருகு மூடி போட்ட ஒமேகா சீமாஸ்டர், 1970களின் சீகோ 5 போன்றவை இந்த வகை. அழுத்தி மூடும் பின்மூடியும் முலாம் பூசிய கேஸும் கொண்ட மெல்லிய கைச்சாவி மணிக்கூடுகளை, அவை எவ்வளவு மலிவாக வாங்கியவையாக இருந்தாலும், இந்த ஊரில் தினமும் கட்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் மெஷின். ஒமேகாவின் 550 வரிசை மெஷின்களும் ரோலெக்ஸின் 1570 மெஷினும் மணிக்கு 19,800 தடவை அடிப்பவை. ஒரு நாளைக்கு 475,200 அடி. அந்த அடியெல்லாம் எண்ணெய்மேல் விழும்வரை பிரச்சினை இல்லை. எண்ணெய் காய்ந்தபின் சில்லின் முளை, அதைத் தாங்கும் சிவப்புக் கல்லில் நேரடியாக உரசத் தொடங்கும். உரசிய தூள் மிச்ச எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். மணிக்கூடு அப்போதும் ஓடும், நேரமும் ஓரளவு சரியாகக் காட்டும். "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிற காலத்தில்தான் முளைகள் தேய்கின்றன. தினமும் கட்டுவதென்றால் 4 அல்லது 5 வருடத்துக்கு ஒருமுறை முழுச் சேர்விஸ் கட்டாயம். அதற்கு மனமில்லையென்றால் கட்டாமல் இருப்பதே நல்லது. பெட்டியில் கிடந்தாலும் எண்ணெய் காயும் என்பதையும் மறக்க வேண்டாம். வருடக்கணக்காகக் கிடந்ததை எடுத்துச் சாவி கொடுத்து நேரே கையில் கட்டுவது, சேர்விஸ் இல்லாமல் தினமும் கட்டுவதைப் போலவே கேடு.

ஓட்டோமெட்டிக் என்றால் இன்னொரு தேய்மானம் உண்டு. கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் பாரமான ரோட்டர் சுழலும் அச்சு. ஒமேகா 550 வரிசையிலும் ரோலெக்ஸ் 1570இலும் ரோட்டர் போல்பெயாரிங்கில் சுழல்வதில்லை, அச்சில்தான் சுழல்கிறது. அச்சோ அதன் புஷ்ஷோ தேய்ந்தால் ரோட்டர் சரிந்து, பின்மூடியின் உட்புறத்தில் வளைவான கீறல் போடும்; சில்லுகளைத் தாங்கும் பாலம் என்ற தகட்டையும் சுரண்டும். காதருகே வைத்து மெதுவாக ஆட்டினால் கரகரவென்று உலோகம் உரசும் சத்தம் கேட்கும். கேட்டால் அன்றே கழற்றி வைத்துவிடுங்கள். அச்சை மட்டும் மாற்றினால் முடிகிற வேலையை இழுத்தால், ரோட்டரையும் பாலத்தையும் சேர்த்துத் தேட வேண்டி வரும். மோட்டார் சைக்கிள் ஓட்டும் கையில் இந்த வகையைக் கட்டாதீர்கள். கைபிடியின் அதிர்வு அந்த அச்சுக்கு ஆகாது. ஓட்டோவிலோ பஸ்ஸிலோ இருந்து போவது பரவாயில்லை.

விழுந்தால் முதலில் உடைவது, முன்னும் பின்னும் ஆடும் பலன்ஸ் சில்லின் தண்டு முனை. அதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். பின்மூடியைத் திறந்து பலன்ஸின் நடுக் கல்லைப் பாருங்கள். யாழ் வடிவத்தில் சின்ன ஸ்பிரிங் இருந்தால் அது இன்காப்ளொக்; அதிர்வைத் தாங்கும். சீகோவில் அதே வேலையை டயாஷொக் செய்கிறது. எதுவுமில்லாமல் கல் நேரடியாக இறுக்கப்பட்டிருந்தால், தேங்காய் உடைக்கவும் கெரம் அடிக்கவும் முதல் அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

இனி ஈரம். கொழும்பில் வெளியே 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் பிரியும். அலுவலக ஏசி 23இல் ஓடும். கையோடு ஒட்டி 35 பாகையில் இருந்த மணிக்கூடு உள்ளே போய்க் குளிரும்போது, அதனுள் அடைபட்ட காற்று ஏறத்தாழ 4 வீதம் சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து இழுக்கும். வோஷர் நன்றாக இருந்தால் ஒன்றும் நடக்காது. வோஷர் காய்ந்து வெடித்திருந்தால், கிரவுன் அடியிலும் பின்மூடி விளிம்பிலும் நிற்கும் வியர்வையைத்தான் அது உள்ளே இழுக்கும். வெயிலுக்கும் ஏசிக்கும் மாறி மாறிப் போகிற ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். மழையில் ஒரு நாளும் நனையாத மணிக்கூட்டின் உள்ளே துரு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடியின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும்படி பனிப்புகார் படிந்தால், அது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.  தண்ணீரோ வியர்வையோ துளியாக உள்ளே போயிருக்கலாம். சிறிது நேரத்தில் புகார் மறைந்தாலும் ஈரம் உள்ளேதான் இருக்கும்.

பின்மூடியில் "வோட்டர்ப்ரூவ்" என்றோ 30 மீற்றர் என்றோ பொறித்திருப்பது புதிதாக இருந்த நாளின் கணக்கு. 50 வருடம் கடந்தபின் அதைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்விஸுக்குப் பிறகு காற்றழுத்தத்தால் சோதிக்கும் உலர் சோதனை செய்யச் சொல்லலாம். நேரே தண்ணீருக்குள் அமிழ்த்திச் சோதிக்க விடாதீர்கள். தோற்றால் சோதனையே சேதமாகிவிடும்.

ஈரம் புகும் வழிகளில் கிரவுன்தான் முதலாவது. கைச்சாவி மணிக்கூட்டில் தினமும் 30, 40 தடவை திருகுவதால் கிரவுனுக்குள் இருக்கும் வோஷரும் அது ஏறும் குழாயும் தேய்கின்றன. கிரவுனை விரலால் மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். தளர்வாக ஆடினால் குழாயோடு சேர்த்து மாற்ற வேண்டும். மேலே சின்னம் பொறித்த பழைய கிரவுன் மதிப்புள்ளது. அதை எறியாமல் எடுத்து வைத்துவிட்டு, தினசரிப் பாவனைக்கு அளவு பொருந்தும் புதிய கிரவுன் போடுவதே என் விருப்பம். டேட்ஜஸ்ட் 1601இன் திருகு கிரவுன் நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அதில் திகதியை மட்டும் தனியாக மாற்றும் வசதி இல்லை. ஓரிரு நாள் நின்றுபோனால் முள்ளை நாள்கணக்காகச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் திருகைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகு தேயாமல் இருக்க, 1601ஐக் கழற்றி வைக்காமல் தொடர்ந்து கட்டுவதே நல்லது.

தினசரிப் பழக்கங்களுக்கு வருவோம். சோற்றைக் கையால் சாப்பிடும் நமக்கு ஒரு நாளைக்குப் பல தடவை கை கழுவ வேண்டும். வலக்கையை மட்டும் கழுவுவதாக நினைத்தாலும் குழாயைத் திறப்பது இடக்கை, தண்ணீர் தெறிப்பதும் அதில்தான். குழாய்த் தண்ணீரின் வேகம் நேரே கிரவுனில் படாமல் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்தாலே பாதி ஆபத்துக் குறையும். கோயிலில் திருநீறு பூசியபின் விரலைத் துடைக்காமல் கிரவுனைத் தொடாதீர்கள். நுண்ணிய சாம்பல் குழாய்க்குள் போனால் வோஷரை அராவும்.

நுளம்பு மருந்தைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். டெங்குக் காலத்தில் எல்லோரும் கையில் பூசுகிறோம். அதில் டீட் என்ற இரசாயனம் இருந்தால் அது பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். பழைய மணிக்கூடுகளின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். பூசிய கையோடு தொட்டால் கண்ணாடி மங்கி விரல் அடையாளம் பதிந்துவிடும். மருந்தைப் பூசி, கையைக் கழுவித் துடைத்து, அதன்பின் கட்டுங்கள். கை கழுவும் சானிடைசரின் அற்ககோலும் அக்ரிலிக்கில் மயிர் போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். வெறும் கீறல் என்றால் பயப்பட வேண்டாம். அக்ரிலிக் மெருகூட்டும் பசையைத் துணியில் எடுத்து இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தால் போய்விடும்.

கேஸ் விடயத்தில் குரோமியம் பூசியவைதான் மிக மோசம். பூச்சு ஒரு இடத்தில் வெடித்தால் உள்ளிருக்கும் உலோகத்தை வியர்வை குழிகுழியாக அரிக்கும், நிறுத்த வழியில்லை. தங்க முலாம் 20 மைக்ரோன் தடிப்பென்றால் பட்டி பிடிக்கும் காதுகளின் முனையில் முதலில் பித்தளை தெரியும். தங்கத் தகடு போர்த்திய ஒமேகாக்கள் சில 80 மைக்ரோன். அவை நெடுங்காலம் தாங்கும். ஸ்டீலுக்கும் இங்கே முழு விலக்கு இல்லை. பின்மூடிக்கும் கேஸுக்கும் இடையில் தேங்கும் உப்பு அந்த இடுக்கில் குழி போடும், வோஷர் உட்காரும் தளமே கரடாகிவிட்டால் புது வோஷராலும் பயனில்லை. இரவில் கழற்றியதும் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை பின்புறத்தைத் துடைப்பது இதற்காகத்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரமாகக் குடியிருப்பவர்கள் அதை ஒரு நாளும் விடக் கூடாது.

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கையில் அதிகம் கண்ட ராடோ டயாஸ்டார் 1962இல் வந்தது. அதன் வன்னுலோகக் கேஸ் கீறல் விழாது, ஆனால் சீமெந்துத் தரையில் விழுந்தால் விளிம்பு உடையும். டயலில் ஆடும் நங்கூரம் நின்றால் சேர்விஸ் காலம் என்பார்கள். அந்த நங்கூரம் தன் சொந்தக் கல்லில் தனியே ஆடுவது. மெஷினின் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது.

தோல் பட்டி கொழும்பு வெயிலில் சில மாதத்திலேயே நாறும், தையலில் அழுகும். தினசரிக்கு நைலோன் அல்லது பெர்லோன் என்ற பின்னிய நைலோன் பட்டி போடுங்கள். கேஸின் அடியால் முழுவதுமாக ஓடும் ஒற்றைத் துண்டு நைலோன் பட்டி என்றால் பட்டியைக் கேஸோடு பிடிக்கும் ஸ்பிரிங் பார் என்ற சிறு கம்பி ஒன்று முறிந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் பார்களை வருடம் ஒருமுறை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். 138 பஸ்ஸின் நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது முறிகிற ஸ்பிரிங் பாரின் விலை மிகச் சிறியது, விழும் மணிக்கூட்டின் விலை அப்படியல்ல. 1601இன் பழைய ஜூபிலி சங்கிலி மடித்த தகட்டால் ஆனது. வியர்வையும் தூசும் கண்ணிகளுக்கிடையில் சேர்ந்து அரைத்து அதை நீட்டும். மாதம் ஒருமுறை சங்கிலியைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுதும் காயவிட்டுப் பூட்டுங்கள்.

டயலில் ஒளிரும் பூச்சு உள்ளவற்றை ஒருமுறை யோசித்துத்தான் கட்ட வேண்டும். 1960களின் தொடக்கம் வரை ரேடியம் பூசினார்கள். அதன் அரைவாழ்வு 1,600 வருடம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்காது. அப்படிப்பட்டதை வீட்டில் திறக்கவே கூடாது, உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. பின்னால் வந்த திரித்தியத்தின் அரைவாழ்வு 12.3 வருடம், டயலின் அடியில் "டி" எழுத்து இருக்கும். இரண்டு பூச்சுகளும் ஈரத்தில் உதிரும், உதிர்ந்தது மெஷினுக்குள் போகும். கட்டாத நாட்களில் கமராவுக்கு விற்கும் ஈரமுறிஞ்சும் பெட்டியில் 40 முதல் 50 வீத ஈரப்பதனில் வைப்பது, டயலில் பூஞ்சணப் புள்ளி வராமல் காக்கும்.

சேர்விஸுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கழுவுவார்களா என்று நேராகக் கேளுங்கள். மெஷினை முழுதாகப் பெற்றோலில் அலசி, மேலே எண்ணெய் விடுவது சேர்விஸ் அல்ல. பலன்ஸ் முளைக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழலும் சில்லுகளுக்குத் தடித்த எண்ணெய், ஓட்டோமெட்டிக்கின் மெயின் ஸ்பிரிங் டப்பாவின் சுவருக்குப் பிரத்தியேக கிறீஸ் என்று வெவ்வேறாக வேண்டும். அந்த கிறீஸ் தவறினால் ஸ்பிரிங் முன்கூட்டியே வழுக்கி, காலையில் கழற்றி வைத்தது இரவுக்குள் நின்றுவிடும். திரும்ப வாங்கும்போது, அடியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, வீச்சு, அதாவது பலன்ஸ் ஆடும் அளவு, 270 பாகைக்கும் 300 பாகைக்கும் இடையில் இருந்தால் நல்ல வேலை. 24 மணி நேரம் கழித்து 200க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுக்கலாம். வீச்சைக் கணக்கிடக் கருவியில் மெஷினுக்கேற்ப வைக்க வேண்டிய லிஃப்ட் கோணம் வழமையாக 52இல் கிடக்கும். ஒமேகா 550 வரிசைக்கு 49 வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீச்சு உண்மையைவிட 15 பாகை அளவில் கூடுதலாகத் தெரியும். கேஸைப் பொலிஷ் பண்ண வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், மாற்றிய பழைய பாகமெல்லாம் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். மறுபடி வர்ணம் பூசிய டயல் பளபளக்கும், மணிக்கூட்டின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

உள்ளே தண்ணீர் போய்விட்டால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், சாவி கொடுக்காதீர்கள். திருகு கிரவுன் என்றால் கழற்றி, கிரவுனை வெளியே இழுத்து, டயல் கீழே பார்க்கக் கவிழ்த்து, அன்றைக்கே திருத்துபவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறக்கச் செய்யுங்கள். ஞாயிறு, போயா என்று கடை பூட்டியிருந்தால், பின்மூடித் திறப்பு வைத்திருப்பவர் மூலமாவது திறந்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். கிரவுனை மெஷினோடு இணைக்கும் சாவித் தண்டும் சிறு திருகுகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். காலிமுகத்திடலில் கடல் நீர் பட்டதென்றால் மறுநாள் காலையிலேயே சிவப்பு தெரியும்.