இடது குதிகால்: ஊன்றுவதா, எழும்ப விடுவதா?

கோல்ஃப் ஸ்விங்கில் உடம்பை எப்படித் திருப்புவது என்ற பழைய சண்டையை ஒரு குதிகாலுக்குள் அடக்கிவிடலாம். பேக்ஸ்விங்கில், அதாவது அடிக்குமுன் மட்டையைப் பின்னால் ஓங்கும்போது, இடது குதிகாலைத் தரையிலேயே வைப்பதா, எழும்ப விடுவதா? (வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன். இடது கைக்காரரான பப்பா வாட்சன் வலது குதிகாலைத் தூக்கி ஆடித்தான் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை 2012, 2014-இல் வென்றார்.)

ஊன்றும் கட்சியின் கணக்கு எளிது. இடுப்பு 45 டிகிரி, தோள் 90 டிகிரி. நடுவே ஏறும் முறுக்கில்தான் வேகம். இந்த இடைவெளிக்குப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் 1992-இல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று பெயர் வைத்தார். அப்புறம் இடுப்பை இறுக்கிப் பிடிப்பதே பலருக்கு வேதமாகிவிட்டது. கால் அசையாததால் பந்தில் சுத்தமாகப் படும் என்பது உண்மைதான்.

ஆனால் அந்த முறுக்கை உடம்பு எங்கிருந்து கொடுக்கும்? கீழ்முதுகு அதிகம் திரும்பவே திரும்பாது. திரும்புவது இடுப்பு மூட்டும் மேல்முதுகும்தான். அவை இறுகிக் கிடந்தால் பாரம் கீழ்முதுகின் தலையில்தான் விழும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளின் குறுக்கே கிளப்பை (கோல்ஃப் மட்டையை) வைத்துத் திரும்பிப் பாருங்கள். 45 டிகிரிகூட வரவில்லையென்றால் ஊன்றும் முறை உங்களுக்கானதல்ல. நாள் முழுக்க மேசைமுன் குனிந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். உட்கார்ந்தே நன்றாகத் திரும்புகிறவர் தாராளமாக ஊன்றட்டும்.

எழும்ப விடும் முறை 1920-களின் நட்சத்திர வீரர் பாபி ஜோன்ஸ் காலத்திலேயே இருந்தது. ஜாக் நிக்லஸும் அப்படித்தான். 46 வயதில் 1986 மாஸ்டர்ஸை வென்றார். இதில் இடுப்பு தாராளமாகத் திரும்புகிறது, முதுகு தப்பிக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று: குதிகால் தரையைத் தொடும் அந்த ‘தொப்’பில் டவுன்ஸ்விங், அதாவது பந்தை நோக்கி இறங்கும் வீச்சு, தொடங்குகிறது. கைகள் முந்திக்கொண்டு பாயும் வியாதிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

கெடுவதும் இங்கேதான். குதிகாலை வேண்டுமென்றே தூக்கினால் உடம்பு மொத்தமும் எழும்பி, பந்தின் மண்டையில் அடி விழும். இடது முழங்கால் வலதுபக்கம் சாய்ந்து, அதன் இழுப்பில் குதிகால் எழவேண்டும். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். எழுந்த இடத்திலேயே இறங்கவும் வேண்டும்; ஒருமுறை முன்னால், ஒருமுறை பக்கவாட்டில் என்று இறங்கினால் பந்தும் அப்படித்தான் அலையும்.

எந்தக் கட்சியானாலும் நிற்கும் நிலை சரியில்லாவிட்டால் இரண்டும் வீண். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கவேண்டும். ஒரு கம்பை முதுகோடு பிடியுங்கள்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் படவேண்டும். அப்புறம் பிட்டம் சுவரைத் தொட நின்று, கிளப் இல்லாமல் மெதுவாகச் சுழன்று பாருங்கள். பேக்ஸ்விங்கில் வலது பிட்டம், இறங்கும்போது இடது பிட்டம் சுவரில் உரசவேண்டும். நடுவில் இரண்டுமே சுவரை விட்டால் இடுப்பு பந்தை நோக்கித் தள்ளுகிறது என்று அர்த்தம்.

என் தேர்வு? தொலைதூரம் அடிக்கும் மட்டையான டிரைவருக்கு எழும்ப விடுவேன். குழிக்கு அருகிலிருந்து மெல்லத் தட்டும் சிப் ஷாட்டுக்கு இரண்டு குதிகாலும் தரையில்தான். அரை ஸ்விங்குக்கு அவ்வளவு திருப்பம் எதற்கு?