கரும்புத் தேரையும் தங்க நச்சுத் தவளையும்: எது அதிக ஆபத்து?

அமேசான் காடுகளை உள்ளடக்கிய வெப்பமண்டல அமெரிக்காவின் கரும்புத் தேரையையும், கொலம்பியாவின் பசிபிக் கரையோர மழைக்காடுகளில் மட்டும் வாழும் தங்க நச்சுத் தவளையையும் ஒப்பிடும்போது, நஞ்சின் வீரியத்தில் தவளையே முந்துகிறது.

ஐந்து சென்டிமீட்டர் அளவே உள்ள இந்தத் தவளையின் தோலில் ஊறும் நஞ்சு, நரம்பு, தசைச் செல்களுக்குள் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் செய்து இதயத்தை நிறுத்திவிடும். எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளின் நுனியை உயிருள்ள தவளையின் முதுகில் தேய்த்தே வேட்டைக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. ஆனால் அந்த நஞ்சு இரையிலிருந்து வருவதாகவே கருதப்படுகிறது. கூண்டில் பிறந்து வளரும் தவளையிடம் அது இருப்பதில்லை.

தேரையோ தன் நஞ்சைத் தானே தயாரிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளை அழுத்தினால் பால் போன்ற திரவம் கசியும். முட்டையும் தலைப்பிரட்டையும்கூட நச்சுடையவை என்பதால், எங்கு கொண்டுபோய் விட்டாலும் நஞ்சும் உடன் செல்கிறது. கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட தேரைகள் வண்டுகளைக் கட்டுப்படுத்தவில்லை. தேரைகளைத் தின்ற குவால்கள் என்னும் ஊனுண்ணிப் பைம்மாப் பாலூட்டிகளும் உடும்புகளும்தான் மடிந்தன. ஆகவே தீங்கின் பரப்பை வைத்துப் பார்த்தால் தேரையையே நான் ஆபத்தானது என்பேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் நீரெலிகளோ தேரையின் வயிற்றைக் கிழித்து, இதயத்தையும் ஈரலையும் தின்றுவிட்டு, நச்சுத் தோலைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன.