வேலூரில் ‘99 ரூபாய் நூடுல்ஸ் – மோமோ காம்போ’ போர்டைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள்

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கச் சந்துகளில் இருக்கும் ஒரு சைனீஸ் கடையைப் பற்றிய எச்சரிக்கை இது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடைப் பெயரைப் போடப் போவதில்லை. பெயர் இல்லாமலே இந்த மாதிரிக் கடையை அடையாளம் கண்டுவிடலாம்.

சொந்தக்காரர் ஒருவரை வார்டில் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். கூட அக்கா மகன், காட்பாடியில் படிக்கிறான், அவனுடைய நண்பன் ஒருவனும் இருந்தான். “மாமா, மோமோ சாப்பிடலாம்” என்றான். வாசலில் பெரிய போர்டு: சிக்கன் நூடுல்ஸ், ஆறு மோமோ, ஒரு கூல்டிரிங்க், மூன்றும் சேர்த்து 99 ரூபாய். மூன்று காம்போ சொன்னோம். பையன் தலையாட்டிக்கொண்டு எழுதிப் போனான்.

நூடுல்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோயா சாஸும் வினிகரும் ஊற்றிய வேகாத கோஸ், நடுவே கட்டி கட்டியாக நூடுல்ஸ். மோமோதான் விஷயம். மேலே ஆவி பறந்தது. கடித்தால் மாவின் மடிப்பு ரப்பர் மாதிரி இழுத்தது, உள்ளே இருந்த கறி சில்லென்று இருந்தது. பிளந்து பார்த்தேன். ஓரம் வெள்ளையாக வெந்திருக்கிறது, நடுவில் இளஞ்சிவப்பு. ஃப்ரீசரில் இருந்த பாக்கெட்டைப் பிரித்து ஸ்டீமரில் சும்மா காட்டி எடுத்தால் இப்படித்தான் வரும். சொன்னதும் தட்டை வாங்கிக்கொண்டு போய் மைக்ரோவேவில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பிளந்த மோமோவும் அதே தட்டில் திரும்பி வந்தது.

மேசையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மயோனைஸ். வேலூர் வெயிலில், ஃபிரிட்ஜுக்கு வெளியே. முட்டை போட்டதா, முட்டை இல்லாததா என்று கேட்டேன். “தெரியாது அண்ணா” என்றான் பையன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி வளரும் என்பதால்தான் 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாட்டில் அதற்கு ஓராண்டுத் தடை போட்டார்கள். தெலுங்கானாவில் 2024 அக்டோபரிலேயே தடை வந்துவிட்டது, ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட ஒரு பெண் இறந்த பிறகு. இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்லி என்ன பயன்? தமிழே தட்டுத்தடுமாறிப் பேசுகிற, வடகிழக்குப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளை. அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பில் வந்தது. 297 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 876. நூடுல்ஸ் தனியாக 110, மோமோ தனியாக 90, கூல்டிரிங்க் 25, ஆக மூன்று பேருக்கு 675. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். அந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

கல்லாவில் இருந்தவரிடம் போனேன். “காம்போ பார்சலுக்கு மட்டும்தான் சார்” என்றார். போர்டில் அப்படி இல்லையே என்றால், வெளியே கூட்டிப்போய்க் காட்டினார். கீழே ஓரத்தில், பெப்சி படத்துக்கு அடியில், எறும்பு அளவில் எழுதியிருக்கிறது. சரி, அது போகட்டும். சர்வீஸ் சார்ஜ்? ஹோட்டல்கள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் பில்லிலிருந்து எடுத்துவிட்டார். அதாவது அவருக்கும் தெரியும்.

ஜிஎஸ்டியில்தான் மல்லுக்கு நின்றார். “அது கவர்மென்ட்டுக்குப் போவுது சார், எனுக்கா வருது?” சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 18 என்பது, ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற பெரிய விடுதிக்குள் இருக்கும் ஓட்டலுக்கு. நாலு பிளாஸ்டிக் மேசை போட்ட சந்துக்கடைக்கு இல்லை. சரி, ஜிஎஸ்டி எண் எங்கே என்று கேட்டேன். பில்லில் இல்லை. “ஆடிட்டர்கிட்ட இருக்கு.” பதிவு செய்யாத கடை நம்மிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகளும் வாங்கக் கூடாது, அவர்கள் தங்கள் கைக்காசில் கட்ட வேண்டும். எண்ணே இல்லாத பில்லில் வாங்கிய வரி எந்தக் கவர்மென்ட்டுக்குப் போகும்?

பசங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 797 கொடுத்து, பில்லை வாங்கிக்கொண்டு வந்தேன். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர்.

என்னை எழுத வைத்தது என் காசு இல்லை. பக்கத்து மேசையில் வங்காளக் குடும்பம் ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் அதே பில். ஒரு வார்த்தை கேட்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடை ஓடுவதே இதில்தான். உள்ளூர்க்காரன் ஒருமுறை போனால் அடுத்தமுறை போக மாட்டான். ஆனால் மேற்கு வங்கம், அசாம், பூடான் என்று தினமும் புதுசாக ஆட்கள் வந்து லாட்ஜில் தங்குகிறார்கள். திரும்ப வர வேண்டிய அவசியம் இல்லாத, சண்டை போடத் தெம்பில்லாத வாடிக்கையாளர்கள்.

விலை குறைவாக இருப்பது தப்பில்லை. அதே சந்துகளில் வங்காளிகள் நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடைகள் மலிவும் சுத்தமுமாக இருக்கின்றன. தள்ளுவண்டி நூடுல்ஸ்கூடக் கண்ணெதிரே வாணலியில் புரட்டித் தருகிறான், போர்டில் உள்ளதுதான் விலை.

உட்காரும் முன்பே, காம்போ இங்கே உட்கார்ந்து சாப்பிடவும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். அதன் 14 இலக்க எண் பில்லிலும் இருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஜிஎஸ்டி போட்டிருந்தால் 15 எழுத்துள்ள எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக்கு அது 33 என்று தொடங்கும். மோமோவை முதலில் ஒன்றைப் பிளந்து பாருங்கள், நடுவில் சூடில்லை என்றால் தொடாதீர்கள்.

சாப்பாடு பற்றிய புகாரை உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். பில் பற்றியது 1915 நுகர்வோர் உதவி எண்ணில். அந்தக் கடையில் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில் வைத்திருந்தால் நீங்களும் அனுப்புங்கள். தேதி தெரியும்படி இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தப் பில் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.