பில்ட்-இன் ஓவன் மாற்றப் போகிறீர்களா? பீடிங்கில் கை வைக்க விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மாடுலர் கிச்சனில் ஓவனை அலமாரிக்குள்ளேயே பொருத்தி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் பழைய ஓவனைக் கழற்றிப் புதியதை வைக்க வந்தவர்கள் அலமாரியை உடைத்துவிட்டு, அதற்குக் காசும் கேட்டார்கள்.

பழைய ஓவனில் எலிமென்ட் போய்விட்டது, அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை. புதியது வாங்கும்போது, "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ மேடம், பழசையும் அவங்களே கழட்டிடுவாங்க" என்றார்கள் கடையில். பில்லிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

எங்கள் அலமாரியின் திறப்பு ஓவனைவிடச் சற்று அகலம். அந்த இடைவெளி தெரியாமலிருக்க, இன்டீரியர் செய்தவர் சுற்றிலும் பீடிங், அதாவது மெல்லிய மரச் சட்டம், அடித்திருந்தார். அது ஓவனின் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் ஓவன் வெளியே வராது என்பது உண்மைதான். எடுக்கிற விதத்தில்தான் வம்பே.

வந்த இரண்டு பையன்களிடமும் இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சுத்தி. கார்பென்டர் யாரும் கூட வரவில்லை. பீடிங்குக்கும் அலமாரிக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டு தட்டினார் ஒருவர். "தம்பி, ஓரத்துல சிலிக்கான் இருக்கு, முதல்ல அதை அறுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நெம்பிவிட்டார். பீடிங்கோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு மைக்காவும் உரிந்து வந்தது. அடியிலிருந்த பார்ட்டிகிள் போர்டு ரவை மாதிரி பொலபொலவென்று கொட்டியது. "எல்லா வீட்லயும் இப்படித்தான்க்கா எடுப்போம். பட்டி வச்சு அடைச்சுக்கலாம்" என்றார்.

அதைவிட மோசம் பின்பக்கம். புது ஓவனின் ஒயர் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு எட்டவில்லை. இருந்த ஒரு துண்டு ஒயரை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார்கள். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 3,000 வாட் ஓவன் 230 வோல்டில் 13 ஆம்பியர் இழுக்கும். காற்றோட்டமில்லாத மூலையில் இப்படி ஒரு ஜாயின்ட் சூடேறினால் என்ன ஆகும்? குழந்தைகள் இருக்கும் வீடு இது. இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

இதெல்லாம் முடிந்ததும் "கேபினெட் வேலை" என்று 2,500 ரூபாய் கேட்டார்கள், கூடவே போனுக்கு வந்த ஓடிபியையும். இரண்டையும் கொடுக்கவில்லை. ஓடிபி சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் திருப்தியாக வேலையை முடித்துக்கொண்டதாகக் கணக்கு. அப்புறம் போன் செய்தால், "கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடுச்சே மேடம்" என்பார்கள். வேலையைக் கண்ணால் பார்க்காமல் அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பிறகு எங்களுக்குத் தெரிந்த கார்பென்டர் அண்ணனை வரவழைத்தோம். இன்னும் பிடுங்காமல் இருந்த ஒரு பக்கத்துப் பீடிங்கை அவர் எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கட்டர் பிளேடால் சிலிக்கானை மேலிருந்து கீழே ஒரே கோடாக அறுத்தார். பிறகு பட்டி பிளேடை ஆணிக்குப் பக்கத்தில் செருகி, அலமாரிப் பக்கம் ஒரு சின்ன மரத்துண்டை அணை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தித் தூக்கினார். பசை பிடித்த இடத்தில் ஹேர் டிரையர் காட்டினார். பீடிங் முழுசாக வந்தது. ஆணிகளைப் பின்பக்கமாக இழுத்ததால் முகப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஓவன் கதவைத் திறந்தால் இரு ஓரத்திலும் ஸ்க்ரூ தெரியும், அதைக் கழற்றிவிட்டு இருவர் பிடித்தால் ஓவன் முன்னால் வந்துவிடும் என்றும் காட்டினார். "திரும்ப ஒட்ட வேணாம்மா, சின்ன ஸ்க்ரூ போட்டுடறேன். அடுத்த தடவை யாரும் நெம்ப வேண்டியிருக்காது" என்றார்.

அதனால், புதியது வாங்கும் முன்பே பழைய ஓவனைச் சுற்றிப் பீடிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுப்பது யார், உடைந்தால் செலவு யாருடையது என்று கடையில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது. 60 சென்டிமீட்டர் (அது முகப்பின் அகலம்) ஓவன்களுக்குப் பெரும்பாலும் 560 மில்லிமீட்டர் அகலத் திறப்பு வேண்டும். ஆனாலும் மாடலுக்கு மாடல் சில மில்லிமீட்டர் மாறும், பின்னால் விட வேண்டிய காற்று இடைவெளியும் மாறும். கையேட்டில் இருக்கும் படத்தை வைத்து டேப் பிடித்து அளந்துவிடுங்கள். வேலைக்கு வந்தவர்கள் சுத்தியலைக் கையில் எடுப்பதற்கு முன் அலமாரியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புகாருக்கு அந்தப் போட்டோக்கள்தான் கை கொடுத்தன. முதலில் "கேபினெட் எங்க பொறுப்பில்லை" என்ற கடை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவானதும் ஒயரிங்கைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனை அனுப்பியது. பக்கப் பலகைக்கு இன்னும் பதில் இல்லை, அதே நிற மைக்கா இப்போது கிடைப்பதும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. பில், போட்டோ, கார்பென்டர் எழுதித் தந்த செலவுக் கணக்கு மூன்றையும் வைத்து மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம்.