64 ஜிபி பென் டிரைவும் விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியும்

பெரம்பூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "64 ஜிபி பென் டிரைவை ஃபார்மேட் பண்ணப் போனா ஃபேட்32 வரவே மாட்டேங்குதே, ரிச்சி தெருவில் டூப்ளிகேட்டைக் கொடுத்துட்டானா?"

டிரைவில் குறை இல்லை. ஃபேட்32 என்பது டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை. அதைக் காட்டாமல் விடும் விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியில்தான் குறை. கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இருப்பதால் வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டுகிறேன். 1994 இறுதியில் தற்காலிகமாகத்தான் அந்தப் பெட்டியை எழுதியதாகவும், ஃபேட்32-க்கு 32 ஜிபி வரம்பு அப்போது தான் வைத்ததே என்றும் மைக்ரோசாஃப்டில் அப்போது இருந்த டேவ் பிளம்மரே சொல்லியிருக்கிறார். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11-இன் ஒரு சோதனைப் பதிப்பில் வரம்பை 2 டிபி ஆக்கினார்கள், அதுவும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனில் மட்டும். நண்பரிடம் இருப்பதோ விண்டோஸ் 10.

வரம்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் ஃபேட்32 இல்லை என்று ஒரு வரி சொல்லாமல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். 'அலோகேஷன் யூனிட் சைஸ்' (டிரைவின் இடத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) என்ன வேண்டும் என்று கேட்கத் தெரிகிறது. இந்த டிரைவை எதில் செருகப் போகிறீர்கள் என்று கேட்கத் தெரியவில்லை. பெண் வீட்டுப் பழைய டிவி ஃபேட்32 மட்டுமே படிக்கும். முகூர்த்த வீடியோ ஒரே ஃபைலாக 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஏற்காது. ஃபார்மேட் செய்கிறவருக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டும்தான்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இருக்கும் 'டிஸ்க்ஸ்' என்ற கருவி இதில் எவ்வளவோ மேல். லினக்ஸுக்கு மட்டுமா, விண்டோஸுக்கா, எல்லாச் சாதனங்களுக்குமா என்று உபயோகத்தைச் சொல்லித்தான் வகையைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. டிரைவின் பெயரும் அளவும் கண்முன்னே இருப்பதால் வேறு டிஸ்க்கை அழித்துவிடும் பயமும் குறைவு.

விண்டோஸ் பக்கமும் நியாயம் உண்டு. ரைட் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் ஓடும் டிரைவையே அழிக்க விடாது. 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்தால் பூஜ்ஜியங்களை எழுதி முழுக்கத் துடைத்து, கெட்டுப்போன இடங்களையும் தேடிப் பார்க்கும்.

ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பெரிய டிரைவிலும் ஃபேட்32 போட்டுத் தருகிறது. ஆனால் கணினியோடு வரும் கருவி செய்ய வேண்டிய வேலைக்கு ஏன் வெளியே போய்த் தேட வேண்டும்?

இவ்வளவு புகழ்ந்தும் நண்பரை உபுண்டு போடச் சொல்ல மனம் வரவில்லை. வைகாசி முகூர்த்த நேரத்தில் அவருக்கு ஏது அவகாசம்? "32 ஜிபி டிரைவாகவே வாங்குங்க. முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாத்தையும் 4 ஜிபிக்குள் தனித்தனி ஃபைலாப் பிரிச்சுப் போடுங்க" என்றுதான் சொன்னேன்.