மருத்துவ முன்விருப்பப் பத்திரத்தைக் கூகுள் டிரைவில் வைக்கலாமா?

சுயநினைவு தவறினால் செயற்கைச் சுவாசம் வேண்டுமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா, நமக்காக யார் பேசுவது: இவற்றை எழுதிக் கையெழுத்து வைத்த பத்திரத்துக்கு இலங்கையில் தனிச்சட்டம் இல்லை. அதனால் குடும்பத்தில் எல்லோரிடமும் ஒரே பிரதி இருப்பதுதான் அதற்குப் பலம். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற வீடுகளுக்கு, 15 ஜிபி இலவசமாகத் தரும் கூகுள் டிரைவ் இதற்கு நல்ல இடம். ஆனால் பகிரும் முறையைச் சரிசெய்யாவிட்டால் தேவைப்படும் நாளில் திறக்காது.

போனில் டிரைவைத் திறந்து, கூட்டல் குறியில் இருக்கும் ஸ்கேன் வசதியால் எல்லாப் பக்கங்களையும் ஒரே பீடிஎஃப் ஆக்குங்கள். வட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பினால் அவை சுருங்கி, கையெழுத்தும் திகதியும் மங்கும், பக்கங்களும் சிதறும்.

பெரிய சிக்கல் அடுத்தது. நீங்கள் மாற்றாத வரை கோப்பு உங்களுக்கு மட்டுமே திறக்கும். இணைப்பை மட்டும் அனுப்பினால் மகளுக்கு ‘அனுமதி கேளுங்கள்’ என்று வரும். அந்த வேண்டுகோள் போவது, நினைவில்லாமல் கட்டிலில் கிடப்பவரின் மின்னஞ்சலுக்கு! ஆகவே ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியையும் இப்போதே சேருங்கள். மிக நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுத்தால், பிறகு மற்றவர்களை அவர் சேர்க்கலாம். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற தெரிவு வசதிதான், ஆனால் அந்த இணைப்பு எந்தக் குழுவுக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? நோய் விவரம் உள்ள தாளுக்கு அது வேண்டாம். பெறுபவர்கள் தங்கள் போனில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி கோப்பைச் சேமித்துவைக்க வேண்டும்.

டிரைவின் மிகச் சிறந்த வசதி பதிப்பு மாற்றம். முடிவை மாற்றினால் புதுக் கோப்பு ஏற்றாதீர்கள். இரண்டு பத்திரங்கள் உலவினால் குடும்பம் வார்ட்டு வாசலில் சண்டை பிடிக்கும். கணினியில் பழைய கோப்பின் பதிப்பு நிர்வாகத்துக்குள் போய்ப் புதியதை ஏற்றினால் இணைப்பு மாறாது. பழையது 30 நாளில் அழியலாம், நிரந்தரமாக வைக்கும்படி குறித்தாலன்றி. இணையமில்லாமல் சேமித்தவர்கள் ஒருமுறை இணையத்தோடு திறந்து புதுப்பிக்க வேண்டும். எந்தத் தாள் கடைசி என்று தெரிய, ஒவ்வொரு பக்கத்திலும் திகதி இருக்கட்டும்.

கணக்கு செயலற்றுப்போனால் கோப்பைப் பிறருக்குக் கொடுக்கும் கூகுள் ஏற்பாட்டை இதற்கு நம்பாதீர்கள். அதன் மிகக் குறைந்த காத்திருப்பே 3 மாதம்.

முதல் சில மணி நேரத்துக்கு டிரைவ் போதாது. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்சில் வருபவர்கள் உங்கள் கணக்கைத் திறக்கப்போவதில்லை. போனின் பூட்டுத் திரையில் தெரியும் அவசரத் தகவலில், பத்திரம் உண்டு, எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். அதில் கொடுக்கும் முதல் தொலைபேசி இலக்கம் கனடாவில் இருக்கும் மகனுடையதாக வேண்டாம், யாழ். போதனா வைத்தியசாலைக்கு உடனே வரக்கூடிய தம்பியோ பெறாமகளோ போதும்.

கடைசியில் கட்டிலருகே பேசுவது தாள்தான். கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கொப்பியின் முன்னட்டையின் உட்பக்கத்தில் ஒரு போட்டோக் கொப்பியை ஒட்டுங்கள். மூலப் பத்திரம் வீட்டில் இருக்கட்டும். கொப்பி முடிந்து புதியது கிடைக்கும்போது பலரும் மருந்துத் துண்டைத்தான் மாற்றி வைக்கிறார்கள், இந்தத் தாள் பழைய கொப்பியோடு அலுமாரிக்குப் போய்விடுகிறது. அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து ஒட்டிவிடுங்கள்.