செப்டம்பர் பனியில் எந்தப் பக்கம்: சென்டினலா, சானி கணவாயா?

செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி கொட்டிவிட்டது என்று தெரிந்ததுமே டர்பனில் எங்கள் நண்பர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். பனிச்சறுக்குப் பலகைகளோடு சென்டினல் என்ற பாறைச் சிகரத்தின் பக்கமாக மாண்ட்-ஓ-சோர்ஸ் சிகரம் (3,282 மீட்டர்) ஏறுவதா, எல்லையில் உள்ள சானி கணவாய் வழியாக அண்டை நாடான லெசோத்தோவின் தபானா இன்ட்லென்யானா சிகரத்துக்கு (3,482 மீட்டர்) போவதா? லெசோத்தோவிலேயே உள்ள ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்தைச் சிலர் சொல்வார்கள். அங்கே செயற்கைப் பனி உண்டு. ஆனால் அதன் பருவம் பெரும்பாலும் ஆகஸ்டோடு முடிந்துவிடும்.

அழகு என்று பார்த்தால் சென்டினலுக்கு ஈடில்லை. 948 மீட்டர் விழும் துகேலா அருவியின் தலைமாட்டில் நிற்கலாம். வாகன நிறுத்தமே 2,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏற்றமும் குறைவு. சிக்கல் சங்கிலி ஏணிகளில்தான். செங்குத்துப் பாறையில் தொங்கும் அந்த இரும்புப் படிகளில் பனி உறைந்திருக்கும்போது, முதுகில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பலகையின் நுனி பாறையில் இடித்தாலே நிலை தடுமாறும். போதாக்குறைக்கு, டர்பனிலிருந்து அங்கே போக என்3 நெடுஞ்சாலையை நம்ப வேண்டும். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி அந்தச் சாலையே மூடப்பட்டது. மக்கள் வண்டிகளுக்குள் இரவைக் கழித்தார்கள்.

சானி பக்கம் தொல்லை வேறு வகை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டி (4x4) கட்டாயம், கடவுச்சீட்டு வேண்டும், எல்லைச் சாவடி மாலையில் மூடிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நண்பர்கள் லெசோத்தோ விசாவோடு, தென்னாப்பிரிக்காவுக்குள் திரும்பி நுழையும் அனுமதியையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கணவாயிலும் பனி அடைக்கும். கொட்டிய மறுநாளே போகாமல், வண்டி ஏறுகிறதா என்று அடிவாரத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஆனால் 2,876 மீட்டரில் கணவாயின் உச்சியை அடைந்துவிட்டால், அதன் பிறகு விரியும் நிலம் பலகைகளுக்கென்றே அமைந்தது. சரிவுகள் மென்மையானவை. பலகையின் அடியில், பின்னால் வழுக்காமல் ஏற உதவும் பிடிப்புப் பட்டையை ஒட்டிக்கொண்டு, கையைக் காலை ஊன்றித் தொற்றாமல் சிகரம் வரை நடக்கலாம். தூரம்தான் அதிகம்; புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதுவே சோதனை. மேகம் இறங்கினால் அடையாளம் சொல்ல ஒரு பாறைகூட இராது. ஆகவே ஜிபிஎஸ் இல்லாமல் போகவே கூடாது.

தென் அரைக்கோளமான இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால், வடக்கு பார்த்த சரிவில் பனி முதலில் கரைந்து புல் தெரியும். தெற்கு பார்த்த மடிப்புகளில் நிழல் விழுந்து பனி தங்கும். வழியை அதற்கேற்ப வகுக்க வேண்டும். இரவில் இறுகிய பனி மதியத்துக்குள் குழைந்துவிடும் என்பதால் விடியுமுன் கிளம்புவதே சரி.

சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்களில் பாதிப்பேர் கவுச்சி தொடுவதில்லை. புளிச்சோறு அந்தக் குளிரில் விறைத்துவிடும். பிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க ரசம் எடுத்துப் போவது எவ்வளவோ மேல்.

பலகை வைத்திருப்பவர்களுக்கு என் வாக்கு சானிக்கே. சென்டினலைப் பனி கரைந்த ஒரு தெளிந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அன்று ஏணிகள் உலர்ந்திருக்கும், சறுக்கத் தெரியாத நண்பர்களும் கூட வரலாம்.